உசத்தின கெப்

முன் ரயரின் பூவில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன். வெளியிலிருந்து உள்ளே தடவும்போது வழுக்கிக்கொண்டு போனது. உள்ளிருந்து வெளியே இழுத்தபோது பனைமட்டைக் கருக்குப் போலக் கீறியது. வெளிக்கரை ஏறக்குறைய மொட்டை. ரயர் மாட்டி ஒரு போகம்கூட ஆகவில்லை.

கெப் என் மாமாவினுடையது. கொக்கட்டிச்சோலைக்கு மேற்கே வேளாண்மை செய்கிறவர். மாரிக்கு முன்னர் நகரத்துக் கராஜ் ஒன்றில் அந்தப் பழைய டபுள் கெப்பின் முன்பக்கத்தை மூன்று அங்குலம் உசத்திக் கொடுத்திருந்தார்கள். அரை மணித்தியால வேலை. இரண்டு நட்டை முறுக்கினார்களாம், வண்டி எழும்பி நின்றதாம். சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே முழங்கையை நுழைக்கலாம் போல இடைவெளி வந்ததில் மாமாவுக்குப் பெரிய சந்தோசம். பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கியது. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. கச்சான் காற்றில் மண்முனைப் பாலத்தைக் கடக்கும்போது வண்டி இரண்டு பக்கமும் அலைந்தது. சின்னக் குழிக்கும் 'டக்' என்று இரும்போடு இரும்பு மோதும் சத்தம். கடைசியில் இந்த ரயர்.

ஊரில் இந்த வேலைக்கு ஒருவர் இருக்கிறார். எல்லோரும் 'பாஸ்' என்றே கூப்பிடுவார்கள். மேசன் பாஸ், தச்சுப் பாஸ், கராஜ் பாஸ் என்று நாங்கள் சொல்லும் இந்தச் சொல் ஒல்லாந்தர் விட்டுப்போனது. கோட்டைகளைவிட நன்றாகவே நிலைத்திருக்கிறது. அவர் சாக்கு விரித்து வண்டிக்குக் கீழே படுத்து, டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உசத்தினது பிழையில்ல மனே. மத்ததெல்லாம் பழைய இடத்திலேயே நிக்கிது.”

அந்த 'மத்ததெல்லாம்' என்னென்ன என்பதுதான் இந்த அத்தியாயம்.

*

முதலில், இங்கே ஏன் ஒருவர் வண்டியை உசத்த வேண்டும்? மட்டக்களப்பு வாவியின் கடற்பக்கம் எழுவான்கரை, மேற்குப்பக்கம் படுவான்கரை. சூரியன் எழுவதும் படுவதுமே இங்கே திசைப்பெயர். 2014 ஏப்ரலில், ஜப்பானின் உதவியுடன் கட்டிய மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைக்காரர் அந்த இடத்தில் வாவியைக் கடந்தது 'பாதை'யில். பாதை என்றால் தெரு இல்லை, ஆளையும் வண்டியையும் ஏற்றி நீரைக் கடக்கும் தட்டையான மிதவை. பாலம் வந்தபின் நகரம் கிட்ட வந்தது. வயல் கிட்ட வரவில்லை. வாடைக்காற்று மழை இறங்கினால் கிறவல் வீதி சேறாகும், வாய்க்கால் கட்டு உடைந்தால் வீதி எது வயல் எது என்று தெரியாது. போதாததற்கு யானை வந்து போன தடங்களில் மழைநீர் தேங்கி, ஒவ்வொன்றும் ஒரு கிடாரமாக இருக்கும்.

ஆனால் உயரமான வண்டி படுவான்கரைக்குப் புதிது இல்லை. மாட்டு வண்டி உயரம். உழவு இயந்திரம் உயரம். தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரோ எல்லாவற்றிலும் உயரம். இவை எதுவும் ஸ்பிரிங்கை நீட்டி உயரம் பெறவில்லை. பெரிய சில்லால் பெற்றன. உழவு இயந்திரத்தின் முன் அச்சு இன்னும் கெட்டித்தனம்: ஒரே ஒரு தண்டு, நடுவில் ஓர் ஊசி, தராசுத் தண்டு போல இரண்டு பக்கமும் ஏறி இறங்கும். ஸ்பிரிங் கிடையாது, ஆனாலும் வரம்பில் ஒரு சில்லு ஏறினால் மற்றது நிலத்தை விடாது. கமக்காரனின் முதுகுதான் அதற்கு ஷொக் அப்சோபர்.

உழவு இயந்திரம் மணிக்கு 20 கிலோமீற்றரில் போகிறது, அதனால் அது போதும். கெப் 80இல் போகிறது. சிக்கல் முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

உயரம் என்ற சொல்லையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். பழைய லாண்ட் ரோவர் போல ஒரே தண்டு அச்சுள்ள வண்டியில், ஸ்பிரிங்கை மாற்றி உடலை மூன்று அங்குலம் தூக்கினாலும் டிஃபரன்ஷல் உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அது சில்லோடு சேர்ந்தது, உடலோடு அல்ல. கல் இடிப்பது அதில்தான். அதை உயர்த்தப் பெரிய ரயர் ஒன்றே வழி. அதிலும் ரயரின் விட்டம் மூன்று அங்குலம் கூடினால் அச்சு ஒன்றரை அங்குலம்தான் எழும்பும், ஏனென்றால் மற்ற ஒன்றரை அங்குலம் அச்சுக்கு மேலே போய்விடுகிறது. மாமாவின் கெப் அப்படி இல்லை. முன் சில்லு ஒவ்வொன்றும் தனித்தனிக் கைகளில் தொங்குவது. அதில் உடலோடு டிஃபரன்ஷலும் எழும்பும். அந்த லாபத்துக்கான விலையைக் கோணங்களில் கட்ட வேண்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் ஒன்று. உயரம் தண்ணீரின் ஆழத்தைத்தான் வெல்லும், ஓட்டத்தை வெல்லாது. ஓடும் நீரின் தள்ளுவிசை அதன் வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுவது நாலு மடங்கு. 2024 நவம்பர் 26ஆம் திகதி, அம்பாறை மாவட்டத்தில் காரைதீவு – மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது ஓர் உழவு இயந்திரத்தை. இங்கே ஓடும் வாகனங்களில் அதைவிட உயரமானது எது? அதில் போன மாணவர்கள் பலர் வீடு திரும்பவில்லை.

*

அந்த இரண்டு நட்டு என்ன செய்தன?

1990களின் ஜப்பான் கெப்கள் பலவற்றில் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இருக்காது. அதற்குப் பதிலாக டோர்ஷன் பார் என்ற நீண்ட உருக்குக் கம்பி. ஒரு நுனி சில்லைத் தாங்கும் கையோடு, மறு நுனி சசியோடு. சில்லு மேலே எழும்போது கம்பி முறுகும், விட்டால் அவிழும். ஈரத் துணியைப் பிழியும்போது கையை எதிர்க்குமே, அதே வேலை. சசியோடு இருக்கும் நுனியில் ஒரு நட்டு உண்டு. அதை முறுக்கினால் கம்பி முழுவதும் திரும்பி, கையைக் கீழே தள்ளி, வண்டி எழும்பும்.

'முறுக்கி இறுக்கியதால் ஸ்பிரிங் கடினமாகிவிட்டது, அதுதான் குலுக்குகிறது' என்று மாமா சொன்னார். பத்தில் ஒன்பது பேர் இப்படித்தான் சொல்வார்கள். தவறு. மீன்காரரின் வில் தராசை நினைத்துப் பாருங்கள். ஒரு பாரை மீனைக் கொளுவினால் முள் இரண்டு கிலோ காட்டுகிறது. தராசை அப்படியே தூக்கி, ஒரு முழம் உயரத்திலுள்ள ஆணியில் மாட்டுங்கள். மீன் உயரப் போகும், முள் நகராது. உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதே அளவுதான் நீண்டிருக்கிறது, ஏனென்றால் மீன் அதே மீன். நட்டை முறுக்குவது ஆணியை மாற்றுவது. கம்பியின் கடினத்தைத் தீர்மானிப்பது அதன் நீளம், உருக்கின் இயல்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பருமன். பருமன் நாலாம் அடுக்கில் வேலை செய்யும். 22 மில்லிமீற்றர்க் கம்பிக்குப் பதில் 24 மில்லிமீற்றர்க் கம்பி போட்டால் கடினம் 40 வீதத்துக்கு மேல் கூடிவிடும். நட்டால் அது முடியாது.

பாரத்துக்கும் நீட்சிக்கும் உள்ள இந்தக் கணக்கைப் பிடித்தவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். சூரியனைப் பார்க்கும் கருவிகள் பற்றி 1676இல் வெளியிட்ட சிறு நூலின் கடைசியில், தன் கண்டுபிடிப்பை எழுத்துகளைக் குலைத்துப் போட்ட ஒரு புதிராக அச்சிட்டார். வேறு யாரும் திருடிவிடக்கூடாது, ஆனால் முதலில் கண்டது தான்தான் என்றும் பதிவாக வேண்டும். விடையை 1678இல்தான் அவிழ்த்தார். அதே 1676 நூலில் இன்னொரு பொருளும் இருக்கிறது: சாய்ந்து நிற்கும் இரண்டு தண்டுகளை இணைத்துச் சேர்ந்து சுழலவைக்கும் மூட்டு. இன்று கராஜில் 'யூனிவர்சல் ஜொயின்ட்' என்கிறோம். ஸ்பிரிங்கும் மூட்டும் ஒரே மனிதரின் ஒரே புத்தகத்தில். உசத்தின வண்டியில் இவை இரண்டும் எதிரெதிரே நின்று சண்டை போடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, ஸ்பிரிங் கடினமாகவில்லை என்றால் 'டக்' எங்கிருந்து வந்தது?

குழியில் சில்லு விழுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் அது எறியப்படுகிறது. முன் சில்லொன்றின் மீது 450 கிலோ உடல்பாரம் ஸ்பிரிங் வழியாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சில்லும் அதோடு சேர்ந்த துண்டுகளும் 50 கிலோ. நிலம் திடீரென்று இல்லாமல் போனதும், அந்த 450 கிலோவைத் தாங்கிக்கொண்டிருந்த ஸ்பிரிங் முழுப்பலத்தோடும் 50 கிலோவைக் கீழே தள்ளுகிறது. புவியீர்ப்பையும் சேர்த்தால் சாதாரணமாக விழுவதைவிடப் பத்து மடங்கு முடுக்கம். 40 கிலோமீற்றர் வேகத்தில் 40 சென்ரிமீற்றர்க் குழியொன்றைத் தாண்ட ஒரு வினாடியின் இருபத்தைந்தில் ஒரு பங்கும் ஆகாது. அந்த நேரத்துக்குள் சும்மா விழும் கல் 6 மில்லிமீற்றர்தான் இறங்கும். சில்லு 6 சென்ரிமீற்றர் இறங்கப் பார்க்கும். ஷொக் அப்சோபர் கொஞ்சம் பிடித்து வைத்தாலும் நாலு, ஐந்து சென்ரிமீற்றர் நிச்சயம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். முன் சில்லுக்கு மொத்தம் 20 சென்ரிமீற்றர் ஏறி இறங்கும் இடம் என்றால், கம்பனி விட்ட நிலையில் மேலே பத்து, கீழே பத்து. நட்டை முறுக்கி வண்டியை 7.5 சென்ரிமீற்றர் தூக்கினால், அந்த 7.5உம் கீழ்ப்பக்கக் கணக்கிலிருந்து கழியும். மிச்சம் 2.5. குழியில் எறியப்பட்ட சில்லு 2.5 சென்ரிமீற்றர் போவதற்குள் மறிப்பில் மோதுகிறது. அதுதான் 'டக்'. அதன் பிறகு சில்லு நிலத்தில் இல்லை; வண்டி அந்தரத்தில் போகிறது, அந்தரத்தில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் யாருக்கு வேலை செய்யும்? குலுக்கல் கடினமான ஸ்பிரிங்கால் அல்ல, இடம் இல்லாததால்.

*

இனி கைகள். முன் சில்லை மேலொன்று கீழொன்றாக இரண்டு கைகள் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கையின் உள்நுனியும் சசியில் ஒரு ரப்பர் புஷ்ஷில் சுழல்கிறது. வெளிநுனி வட்டத்தில் நகர்கிறது. வட்டம் என்பதுதான் சூட்சுமம். கம்பனி வண்டியில் கீழ்க்கை ஏறக்குறையக் கிடையாக நிற்கும். கையின் நீளம் 35 சென்ரிமீற்றர் என்று எடுங்கள். கிடையிலிருந்து முதல் 5 சென்ரிமீற்றர் கீழே இறங்க, வெளிநுனி உள்ளே வருவது 3.6 மில்லிமீற்றர் மட்டும். அடுத்த 5 சென்ரிமீற்றர் இறங்கும்போது இன்னும் 11 மில்லிமீற்றர். ஒரே அளவு உயரம், மூன்று மடங்கு இழுப்பு. முதல் இரண்டு அங்குலம் பெரிதாக எதையும் கெடுக்காமல் ஒத்துழைப்பதும், மூன்றாவது அங்குலத்தில் எல்லாம் ஒன்றாகப் பிசகுவதும் இதனால்தான். வட்டத்தின் உச்சியில் நடப்பவனுக்குச் சரிவு தெரியாது.

மேற்கை கீழ்க்கையைவிடக் குட்டை. ஆகவே அது வேறு வட்டம். ஸ்டியரிங்கைச் சில்லோடு இணைக்கும் டைரொட் மூன்றாவது வட்டம். வடிவமைத்த பொறியியலாளர் இந்த மூன்று வட்டங்களும் நடு நிலையில் ஒன்றோடொன்று இசைந்து போகும்படி பார்த்துப் பார்த்து வைத்திருப்பார். வண்டியை உசத்தினால் மூன்றும் இசையாத ஓரத்துக்கு வந்துவிடும். கைகள் இரண்டும் சேர்ந்து சில்லின் தலையை வெளிப்பக்கம் சாய்க்கும். கராஜில் இது கேம்பர். டைரொட் சில்லின் மூக்கைத் திருப்பிவிடும், இது டோ. டைரொட் அச்சுக்கு முன்னால் இருந்தால் மூக்கு உள்ளே, பின்னால் இருந்தால் வெளியே. மாமாவின் கெப்பில் முன்னால்.

பாஸ் இதை அளந்தது கணினி மேடையில் இல்லை. ரயரின் நடுவில் சோக்கால் கோடு போட்டார். அச்சுமட்ட உயரத்தில், முன்பக்கம் இரண்டு கோட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்தார். வண்டியைத் தள்ளி, சில்லு அரைச்சுற்றுச் சுற்றி அதே கோடுகள் பின்பக்கம் வந்ததும் மறுபடி அளந்தார். முன்னால் 8 மில்லிமீற்றர் குறைவு. பிறகு மேசன்மார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டை மட்கார்ட்டிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் ரிம்மின் மேல்விளிம்புக்கும், கீழ்விளிம்புக்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். 16 அங்குல ரிம்மில் ஒரு பாகைக்கு 7 மில்லிமீற்றர். இரண்டு பாகைக்கு மேல் வெளியே சாய்ந்திருந்தது.

8 மில்லிமீற்றர் என்பது பெரிய விசயமா? 75 சென்ரிமீற்றர் ரயரில், இரண்டு சில்லுக்கும் பங்கிட்டால் ஒவ்வொன்றும் நேர்வழியிலிருந்து பாகையின் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் விலகியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீற்றர் ஓடும்போதும் ஒவ்வொரு சில்லும் 5 மீற்றருக்கு மேல் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படுகிறது. தாரில் ரப்பரை அழிறப்பர் போலத் தேய்த்தால் என்ன ஆகும்? கருக்கு வந்தது அப்படித்தான்.

டிஃபரன்ஷலிலிருந்து சில்லுக்குப் போகும் தண்டும் இப்போது சாய்ந்துவிட்டது. ஹூக்கின் மூட்டுக்கு ஒரு குணம் உண்டு: நேராக நிற்கும்வரை ஒழுங்கு, சாய்ந்தால் விக்கும். ஒரு பக்கம் சீராகச் சுழன்றாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டுமுறை முந்தி, இரண்டுமுறை பிந்தும். 20 பாகைச் சாய்வில் முந்தலும் பிந்தலும் சுமார் 6 வீதம். 30 பாகையில் பிந்தல் 13 வீதம், முந்தல் 15 வீதம். முன்சில்லுத் தண்டில் இதை விட்டால் ஸ்டியரிங் கையில் துள்ளும். அதனால்தான் அங்கே அல்ஃபிரட் ஷெப்பா 1920களில் காப்புரிமை பெற்ற குண்டு மூட்டைப் போடுகிறார்கள். ஆறு உருக்குக் குண்டுகள் பள்ளங்களில் உருண்டு, சாய்ந்தாலும் சீராகச் சுழற்றும். சீராகச் சுழற்றுமே தவிர, சாய்வைச் சும்மா பொறுக்காது. சாய்வு கூடக் கூடச் சூடும் தேய்வும் கூடும். அதைவிட முக்கியமாக, மூட்டை மூடும் ரப்பர்ப் பூட் விசிறிமடிப்பில் ஒன்றோடொன்று உரசிக் கிழியும். கிழிந்த பூட்டுக்குள் வயற்களி போனால் கிரீஸ் தீட்டுக்கல் பசையாகிவிடும். மாமாவின் இடப்பக்கப் பூட் கிழிந்து, உள்சில்லு முழுக்கக் கறுப்புத் தெறித்திருந்தது.

*

ஸ்டியரிங் திரும்பி வராததற்குக் காரணம் கஸ்டர். சைக்கிளின் முன் போர்க் செங்குத்தாக இருக்காது, பின்னால் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை நீட்டினால் கோடு நிலத்தைத் தொடுவது ரயர் தொடும் இடத்துக்கு முன்னால். ஆகவே ரயர் எப்போதும் அந்தப் புள்ளியைப் பின்தொடர்ந்தே இழுபடுகிறது. விலகினால் தானாக நேராகும். வாகனத்திலும் அதே. உசத்தும்போது இந்தச் சாய்வு குறையும்.

மாமாவின் கெப்பில் இழப்பு சிறிது. ஒரே தண்டு அச்சுள்ள வண்டிகளில் இது பேரிடி. 1983இலிருந்து சுருள் ஸ்பிரிங்கோடு வந்த லாண்ட் ரோவர்களை எடுங்கள். முன் அச்சை இரண்டு நீண்ட கைகள் பின்னாலிருந்து பிடித்திருக்கும். கம்பனி வைத்த கஸ்டர் வெறும் 3 பாகை. கை 80 சென்ரிமீற்றர் என்று கொண்டால், உடலை 5 சென்ரிமீற்றர் தூக்கும்போது அச்சு 3.6 பாகை முன்னால் உருளும். மூன்றிலிருந்து மூன்றரையைக் கழித்தால்? வண்டி இனித் தன்பாட்டில் நேராகப் போகாது, ஓட்டுநர்தான் ஒவ்வொரு கணமும் நேராக்க வேண்டும். இதைத் திருத்த அச்சைப் பின்னால் உருட்டும் வளைந்த கைகள் விற்கிறார்கள். உருட்டினால் கஸ்டர் திரும்பும். ஆனால் டிஃபரன்ஷலின் மூக்கு நிலத்தைப் பார்க்கும், பிரொப்பெலர் தண்டின் மூட்டுச் சாய்வு கூடும். மறுபடியும் ஹூக். அச்சுக்கூட்டை உருட்டாமல், சில்லைத் தாங்கும் உருண்டையை மட்டும் துளை மாற்றித் திருப்பிப் பூட்டுவதுதான் சரியான வழி. கூலி அதிகம் என்பதால் கராஜில் யாரும் அதை முதலில் சொல்வதில்லை.

தண்டு அச்சுக்கு இன்னொரு பேய் பிடிக்கும். 70 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு சிறு மேட்டில் ஏறியதும் ஸ்டியரிங் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போல இடமும் வலமும் அடிக்கும். வண்டியை நிறுத்தும்வரை விடாது. 33 அங்குல ரயர் அந்த வேகத்தில் வினாடிக்கு ஏழு முறைக்கு மேல் சுற்றுகிறது. அச்சும் ரயரும் டைரொட்டும் சேர்ந்த கூட்டத்துக்கும் அந்த அளவில் ஒரு சொந்த ஆட்ட வேகம் இருந்தால், இரண்டும் கைகோத்துக்கொள்ளும். சுழலும் சில்லு ஒரு பம்பரம். அச்சு ஒரு பக்கம் எழும்பினால் சில்லு பக்கவாட்டில் திரும்பும், திரும்பினால் மறுபடி எழும்பும். ஒன்று மற்றதை ஊட்டும். இதை 1925இலேயே பிரான்சின் புருலியே ஆராய்ந்து எழுதினார். அமெரிக்காவில் மொரிஸ் ஒலி போன்ற பொறியியலாளர்கள் 1930களில் தண்டு அச்சையே தூக்கி எறிந்து சில்லுகளைத் தனித்தனியாகத் தொங்கவிட்டதற்கு இந்த நடுக்கம் ஒரு பெரிய காரணம். ஜெனரல் மோட்டர்ஸ் கார்களில் அது 1934இல் வந்தது. சொகுசுக்காக வந்ததென்று பலர் நினைக்கிறார்கள். பயத்துக்காகவும்தான் வந்தது.

இந்த நடுக்கத்துக்கு ஸ்டியரிங் டம்பர் ஒன்றைப் பூட்டிவிடுவது வழக்கம். நோவுக்குப் பனடோல். தேய்ந்த புஷ்ஷையும் ஆடும் மூட்டையும் அது மறைத்து வைக்கும், அவ்வளவுதான்.

*

பாஸ் முதலில் செய்தது மாமாவுக்குப் பிடிக்கவில்லை: இரண்டு நட்டையும் அவிழ்த்து வண்டியைப் பாதிக்குமேல் இறக்கினார். மூன்று அங்குலத்தில் மிஞ்சியது ஒன்றரைக்குச் சற்றுக் குறைவு. சில்லுக்குக் கீழே போக மறுபடி ஆறு சென்ரிமீற்றருக்கு மேல் இடம் கிடைத்தது. கைகள் வட்டத்தின் தட்டையான பகுதிக்குத் திரும்பின. மிச்ச உயரம் வேண்டுமென்றால் அடுத்தமுறை ஒரு நம்பர் பெரிய ரயர் போடச் சொன்னார்.

அடுத்தது கீழ் போல் ஜொயின்ட். இந்தக் கெப்பில் ஸ்பிரிங்கின் பாரம் கீழ்க்கையில் இறங்குவதால் அதன் நுனிக்குக் கீழே ஜக் வைத்தார். சசியில் வைத்துத் தூக்கியிருந்தால் சில்லு தொங்கி, கை மறிப்பில் இறுகி, ஆடும் மூட்டும் ஆடாததாக நடிக்கும். ரயருக்குக் கீழே ஓர் அலவாங்கைக் கொடுத்து நெம்பினார். 'கடக்' என்றது. அதை மாற்ற வேண்டும். எங்கே வாங்குவது என்பது வேறு கதை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் பழைய கெப் ஒன்றும் சாகவில்லை. ஒன்றின் உறுப்பு இன்னொன்றில் உயிர்வாழ்கிறது. பாஸ் போட்டது புதுச் சாமான். இந்த ஒரு மூட்டுக்கு மட்டும் பழசு கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார். கழன்றால் சில்லு தனியாகப் போகும்.

பிறகு புஷ். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. கையின் உள்நுனியிலுள்ள ரப்பர் புஷ், கதவுப் பிணைச்சல் போல வழுக்கிச் சுழல்வதில்லை. அதன் உள்குழாய் சசியோடும் வெளிக்குழாய் கையோடும் இறுகிவிடும். நடுவிலுள்ள ரப்பர் முறுகித்தான் இடம் கொடுக்கிறது. ஆகவே போல்ட்டை எந்த நிலையில் இறுக்குகிறோமோ அதுவே ரப்பரின் ஓய்வுநிலை. நகரத்துக் கராஜில் நட்டை மட்டும் முறுக்கிவிட்டு புஷ் போல்ட்டுகளைத் தொடவில்லை. ஆக, நின்றுகொண்டிருக்கும்போதுகூட ரப்பர் முறுகியே இருந்தது, கழுத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு நித்திரை கொள்பவனைப் போல. எட்டு மாதத்தில் நான்கில் மூன்று கிழிந்துவிட்டன. பாஸ் புதிதைப் போட்டு, போல்ட்டுகளைக் கையால் இறுகும் அளவுக்கு மட்டும் பிடித்து, வண்டியை ஜக்கிலிருந்து இறக்கி, என்னையும் இன்னொரு பெடியனையும் பம்பரில் ஏறி நின்று துள்ளச் சொன்னார். வண்டி தன் உயரத்தில் அமர்ந்த பிறகு கீழே புகுந்து முழுமூச்சாக இறுக்கினார். இந்த வேலைக்கு ஒரு சாமானும் வாங்கத் தேவையில்லை. வண்டி நிலத்தில் நிற்கும்போது இறுக்க வேண்டும் என்ற அறிவு மட்டும் வேண்டும்.

ஷொக் அப்சோபரை ஒரு சைஸ் நீளமாக மாற்றினார். பழையது முழுவதும் நீண்டு, மறிப்பின் வேலையையும் சேர்த்துச் செய்து, தலையிலிருந்து எண்ணெய் கக்கியிருந்தது. கிறவல் வீதியில் ஷொக் படும் பாடு தனி. வீதி முழுக்க உடுப்புத் தோய்க்கும் பலகை போல வரிவரியாக இருக்குமே, வாகனங்களின் ஸ்பிரிங்தான் அதை உண்டாக்குகிறது என்று நெடுநாள் நம்பினார்கள். 2007இல் தபெர்லே, மொரிஸ், மக்கெல்வேய்ன் என்ற மூவர் வட்டமான மணல் தடத்தில் ஸ்பிரிங்கே இல்லாத சில்லை உருட்டிப் பார்த்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அதே வரிகள் வந்தன. ஆக, நம் மாட்டு வண்டிகள் வரி போடாதது நல்ல குணத்தால் இல்லை, வேகம் இல்லாததால்! வரிகள் 70 சென்ரிமீற்றருக்கு ஒன்று என்றால் 40 கிலோமீற்றரில் போகும் சில்லு வினாடிக்கு 16 முறை துள்ளுகிறது. ஒவ்வொரு துள்ளலையும் ஷொக்கின் எண்ணெய் சிறு துளைகளால் நுழைந்து சூடாக மாற்றுகிறது. அரை மணித்தியாலம் ஓடியபின் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாது.

கடைசியாக அலைன்மென்ட். கஸ்டர் முதலில், கேம்பர் அடுத்து, டோ கடைசியில். வரிசை மாறினால் வேலை வீண், ஏனென்றால் முதல் இரண்டில் எதைத் தொட்டாலும் டோ மாறிவிடும். டோவைத் தொட்டால் மற்ற இரண்டும் மாறுவதில்லை. மேற்கையின் போல்ட்டுகளுக்கு நடுவே மெல்லிய தகடுகளைச் சேர்த்தும் எடுத்தும் தூக்குக்குண்டு நூலைப் பார்த்தார். டைரொட்டை இரண்டு பக்கமும் சமமாகச் சுற்றி, 8 மில்லிமீற்றரை 2க்குக் கொண்டுவந்தார். “நூல் இவ்வளவுதான் காட்டும். டவுனுக்குப் போற நேரம் மெசின்ல ஒருக்காப் பாத்துக்கொள்ளுங்க” என்றார். பார்த்தோம். அரை மில்லிமீற்றர் பிசகு.

வண்டியை எடுக்க வந்த மாமா, சில்லுக்கும் மட்கார்ட்டுக்கும் நடுவே கையை நீட்டிப் பார்த்தார். முழங்கை போகவில்லை.

“என்ன பாஸ், வண்டி பதிஞ்சி போச்சி?”

“பதியல்ல போடியார். உக்காந்திரிக்கி.”

மாமா அதை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மண்முனைப் பாலத்தில் போகும்போது ஸ்டியரிங்கை வளைத்துவிட்டுக் கையை எடுத்துப் பார்த்தார். அது நிதானமாகத் திரும்பி நடுவுக்கு வந்தது. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்து இரவில் போன் எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை, வேளாண்மை பற்றிப் பேசவில்லை. புது ரயரை இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தாராம்.

“கருக்கு இல்ல மனே,” என்றுவிட்டு வைத்துவிட்டார்.